தொண்டையில் இல்லாத முள்

1.

இந்தக் கதை ஒரு பொறாமையில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் சொன்னால் நீங்கள் அதை ஓர் உத்தி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

தஞ்சாவூரில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதமாக என் தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. விழுங்கினால் இறங்காது, செருமினால் ஏறாது. என் டோக்கன் பதினேழு. எதிர் வரிசையில் என்னைப் போலவே செருமிக்கொண்டு ஒருவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, இடுப்பில் அகலமான பச்சை பெல்ட். பக்கத்தில் அவர் வயதுள்ள இன்னொருவர். முதலாமவரின் மருத்துவக் காகிதங்கள் எல்லாம் இவர் மடியில் இருந்தன. தண்ணீர் பாட்டிலும் இவர் கையில்தான். முதலாமவர் செருமும்போதெல்லாம் இவர் பேச்சை நிறுத்தாமல், முகத்தைக்கூடத் திருப்பாமல், மூடியைத் திறந்து பாட்டிலை நீட்டுவார். அவரும் பார்க்காமலே வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். நான் பார்த்துக்கொண்டிருந்த முக்கால் மணி நேரத்தில் இது பதினொரு தடவை நடந்தது.

என் காகிதங்கள் என் மடியில் இருந்தன. என் பாட்டிலை நானே திறந்தேன்.

ஒரு உடல்நல மாத இதழுக்கு ‘எதுக்களித்தல்: காரணமும் கவனிப்பும்’ என்று கட்டுரை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அதை எழுத உட்கார்ந்தால் அந்தப் பாட்டில்தான் வந்து நின்றது. அவரிடம் இருந்ததை நான் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் என்னிடம் இருந்ததை அவருக்குக் கொடுக்க முடியும். அவருக்கு ஜெக்கரியா என்று பெயர் வைத்தேன், ஊர் அதிராம்பட்டினம் என்றேன், என் பொறாமையை எடுத்து அவர் நெஞ்சுக்குள் வைத்துவிட்டேன்.

2.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

“கடல் ஓரத்தில் ஆறு முடியும் இடத்தில் ஒரு ஷட்டர் உண்டு. மேலிருந்து வரும் நல்ல தண்ணீரைக் கடலுக்கு விடும். கடல் ஏறும்போது உப்புத் தண்ணீரை உள்ளே விடாது. மனிதனுடைய உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் இடத்திலும் அப்படி ஒரு தசை வளையம்—”

[இங்கே நிறுத்தினேன். இது கட்டுரையின் தொடக்கம். ஆனால் ஷட்டரை விட மனம் வரவில்லை. யாராவது ஒருவர் வாயில் பிறகு வைத்துவிடலாம் என்று ஓரமாக எடுத்துவைத்திருக்கிறேன்.]

இரண்டாவது தொடக்கம்:

“ஜெக்கரியா நல்ல மனிதர், ஆனால்—”

[நல்ல மனிதர் என்று ஆசிரியர் சொன்னால் வாசகர் நம்புவதில்லை. நானும் நம்புவதில்லை.]

மூன்றாவது:

“ஷேக் பரீத் அன்றைக்கு மீனிலிருந்து முள்ளை எடுத்தது யாருக்காக?”

இதை வைத்துக்கொள்கிறேன்.

3.

அந்தக் கேள்விக்கு முன்னால் இரண்டு விஷயங்களை விளக்க வேண்டும். ஒன்று சுவர், இன்னொன்று சஹன்.

ஜெக்கரியாவுக்கு வலைக்கடை. நைலான் நூல், கயிறு, மிதவை, ஈயக்குண்டு. அதை ஒட்டி ஷேக் பரீதின் வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணங்களுக்கு அண்டா, தேக்சா, விரிப்பு, சஹன் எல்லாம் அங்கிருந்துதான் போகும். பாத்திரக் கடைக்குப் பின்னால் பரீதின் வீடு. வலைக்கடை நீளமானது, அதனால் அதன் பின்பாதிக்கும் பரீத் வீட்டுக் கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். பழைய சுவர், மெல்லிய சுவர். இந்தப் பக்கம் நூல்கண்டு விழுந்தால் அந்தப் பக்கம் கேட்கும்.

சஹன் என்பது விளிம்பு தாழ்ந்த, அகலமான பெரிய தட்டு. கல்யாண வீட்டில் அதை விரிப்பில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். எத்தனை பேர் என்பது ஊருக்கு ஊர் மாறும். இந்தக் கதையில் மூன்று பேர். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், அடுத்தவர் பக்கம் கை நீளக் கூடாது. ஆனால் தன் பக்கம் கிடக்கும் நல்ல கறித்துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடலாம். முப்பது வருடமாகப் பரீத் அப்படித்தான் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார், ஜெக்கரியாவின் பக்கம். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் இருவரும் ஒரே சஹன். மூன்றாவது இடத்தில் யாராவது இருப்பார்கள்.*

* இந்த மூன்றாவது ஆளை நினைவில் வையுங்கள். ஜெக்கரியா ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. யாரும் சொல்லித்தருவதில்லை, எல்லோருக்கும் தெரியும். சஹனில் ஒருவர் கையை எடுத்துவிட்டால் மற்றவர்களும் கூச்சப்பட்டு எடுத்துவிடுவார்கள். பசியோடு இருப்பவனை எழுப்பிவிடக் கூடாது என்பதால், சீக்கிரம் நிறைந்தவர் சோற்றை அளைந்துகொண்டே மற்றவருக்காக இன்னும் இரண்டு வாய் சாப்பிடுவார். பரீதுக்கு ஆனைப்பசி. ஜெக்கரியாவுக்கு அளவான வயிறு. முப்பது வருடத்தில் எத்தனை கல்யாணம், ஒவ்வொன்றிலும் அவருக்காக இவர் சாப்பிட்ட அந்த இரண்டு வாய் எத்தனை இரண்டு வாய் என்று யோசித்துப் பாருங்கள். கட்டுரை எழுதியிருந்தால் இதை ‘அளவுக்கு மீறிய உணவு’ என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். இதன் பெயர் வேறு என்று இப்போது தோன்றுகிறது.

4.

பரீதின் மனைவி தஹ்மீனாவுக்கு ஃபாஜில் என்று ஒரு தம்பி. இருபத்திரண்டு வருடம் துபாயில் இருந்துவிட்டு, ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த வாரம் ஒரேயடியாக ஊருக்கு வந்தான். அன்றைக்குப் பரீத் வீட்டில் சாப்பாடு. ஒரு சஹனில் பரீத், ஃபாஜில், ஜெக்கரியா. குழம்பு முள்ளுவாளை.

முள்ளுவாளை ருசியான மீன். ஆனால் அதற்குள் முடியைப் போல முள் கிடக்கும். பரீத் ஒரு துண்டை எடுத்து, விரல் நுனியால் தடவித் தடவி முள்ளெல்லாம் எடுத்து, சதையை மட்டும் ஃபாஜிலின் பக்கம் தள்ளினார்.

“சாப்புடு மச்சான். இருவத்திரெண்டு வருஷமா ஐஸ்கோழி தின்ன வாயி. முள்ளு தெரியாது ஒனக்கு.”

ஜெக்கரியா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே ஒரு வாயை விழுங்கினார். தொண்டையில் சுருக்கென்றது.

அன்றிலிருந்து அங்கே ஒரு முள் இருக்கிறது என்று அவர் முடிவு செய்துவிட்டார். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு முள் சிக்கினால் வைத்தியம் தெரியும். வெறும் சோற்றை எலுமிச்சை அளவுக்கு உருட்டி மெல்லாமல் விழுங்க வேண்டும். சோறு முள்ளை இழுத்துக்கொண்டு போய்விடும். ஜெக்கரியா ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு முடித்த பிறகு நாலு உருண்டை விழுங்கினார். இரவு படுக்கப் போகுமுன் இரண்டு வாழைப்பழம். மூன்று மாதம்.

அவர் மனைவி ஹலீமா கேட்டார்:

“மூணு மாசமாவா ஒரு முள்ளு இருக்கும்? இந்நேரம் மக்கிப் போயிருக்காதா?”

“இருக்குது. எனக்குத் தெரியுதுல்ல.”

“நோம்பு மாசத்துலேயே நீங்க செருமிக்கிட்டுத்தான் இருந்தீங்க. அப்ப ஃபாஜிலு வரவேயில்ல.”

“அது வேற செருமல்.”

[ஹலீமா சொல்வதுதான் சரி. நோன்பு மாதத்தில், நாளெல்லாம் காய்ந்த வயிற்றில் ஒரே மூச்சாகக் கஞ்சியும் இறால் வாடாவும் இறக்கிவிட்டு, தொழுது வந்து மறுபடி சாப்பிட்டு உடனே படுத்த நாட்களில் தொடங்கியது அது. முதல் வரைவில் மீனே கிடையாது. பொறாமைக்கு ஒரு தேதி வேண்டியிருந்தது. அதனால் மீனைப் பிடித்தேன். ஆனால் கவனித்துப் பாருங்கள், ஜெக்கரியாவும் அதையேதான் செய்கிறார்.]

ஃபாஜில் கெட்டவன் இல்லை. இதுதான் எனக்குத் தொல்லை. அவனைக் கொஞ்சம் அலட்டல்காரனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. கடைப் பக்கம் வந்தால், “காக்கா, தொண்டை எப்படியிருக்கு?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்பான். கேட்டுக்கொண்டே சுடச்சுட சமோசா மூன்றை மென்றுகொண்டிருப்பான். மேலே பச்சைமிளகாய் வேறு. இரவு பதினொரு மணிக்குப் புரோட்டா தின்று பதினொன்றரைக்கு மல்லாந்து படுத்துக் குழந்தை மாதிரித் தூங்குகிறவன். ஜெக்கரியாவுக்கு அவனுடைய இடத்தின் மீது மட்டும் பொறாமை இல்லை. அவனுடைய வயிற்றின் மீதும்தான்.

5.

செருமல் வளர்ந்தது. நிமிடத்துக்கு ஒன்று என்றானது. இதில் ஒரு வேடிக்கை நடந்தது.

அந்தத் தெருவில் ஆண்கள் வேறு வீட்டுக்குள் போகும்போது வாசலில் ஒருமுறை கனைப்பார்கள். உள்ளே பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொள்ளவோ உள்ளறைக்குப் போகவோ அது அவகாசம். சுவருக்கு இந்தப் பக்கம் ஜெக்கரியா செருமினால், அந்தப் பக்கம் கூடத்தில் தஹ்மீனாவும் மகள் ஆஷிகாவும் யாரோ வருகிறார்கள் என்று எழுந்து ஓடினார்கள். உட்கார்ந்தார்கள். மறுபடி ஓடினார்கள். நான்காம் நாள் ஆஷிகா சுவரில் தட்டினாள்.

“சாச்சா! வர்றதுன்னா வாங்க, இல்லன்னா சும்மா இருங்க. முட்டி வலிக்குது எங்களுக்கு!”

பிறகு அவர்கள் பழகிக்கொண்டார்கள். ஜெக்கரியாவின் செருமல் மின்விசிறிச் சத்தம் போல ஆகிவிட்டது. அதற்கு யாரும் எழுவதில்லை.

அந்த ஆஷிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணச் சாப்பாட்டில் பரீதின் சஹனில் தன் இடம் தனக்குத்தானா என்பதுதான் அன்றிலிருந்து ஜெக்கரியாவின் ஒரே கவலை. வாய்விட்டுக் கேட்க முடியாத கவலை. ஐம்பத்தைந்து வயதில் ஒரு மனிதன் போய், “நான் உன் பக்கத்தில் உட்காரலாமா?” என்று எப்படிக் கேட்பான்? [நானும் யாரிடமும் கேட்டதில்லை. இந்த அடைப்புக்குறியை நீக்கிவிட வேண்டும்.]

6.

தஞ்சாவூருக்கு அழைத்துப்போனது பரீத். போன கார் ஃபாஜிலுடையது. ஜெக்கரியா வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே செருமினார்.

மருத்துவருக்குச் செம்மொழி என்று பெயர் வைத்திருக்கிறேன். நன்னிலம் பக்கத்துப் பெண். அவருடைய அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். ஆற்று ஷட்டரை ஏற்றி இறக்குவதுதான் வேலை. (ஓரமாக எடுத்துவைத்த ஷட்டருக்கு ஆள் கிடைத்துவிட்டது.)

மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை இறக்கி, திரையில் காட்டினார்.

“முள் இல்ல பாய்.”

“நல்லாப் பாருங்க டாக்டர். முள்ளுவாளை முள்ளு முடி மாதிரி இருக்கும்.”

பரீத் குறுக்கே பேசினார்: “முள்ளு இல்லாம அவன் ஊருக்கு வரமாட்டான் டாக்டர். ஒங்ககிட்ட இருந்தா ஒண்ணு எடுத்துக் கையில குடுத்துருங்க.”

செம்மொழி சிரித்துவிட்டுத் திரையில் ஓரிடத்தைத் தொட்டார். குரல்வளையின் பின்பக்கம் சிவந்து தடித்திருந்தது.

“ஒங்க ஊர்ப்பக்கம் கடலோரமா ஷட்டர் இருக்குல்ல? அது சரியா இறங்கலன்னா என்ன ஆகும்?”

“உப்புத்தண்ணி மேல ஏறிடும். வய செத்துரும்.”

“அதான். கடலுக்கு உப்பு கெடுதல் இல்ல, வயலுக்குத்தான் கெடுதல். வயித்துக்கு உள்பூச்சு இருக்கு, அமிலம் ஒண்ணும் பண்ணாது. தொண்டைக்கு அந்தப் பூச்சு இல்ல. ஒங்களுக்கு ஷட்டர் தளந்து போயிருக்கு, கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறுது. நெஞ்செரிச்சல் இருந்தாத்தான் அசிடிட்டின்னு நெனைக்கிறோம். சில பேருக்கு நெஞ்சு எரியவே எரியாது, நேரா தொண்டையில வந்துதான் தெரியும்.”

ஜெக்கரியாவுக்கு ஒன்று உறைத்தது. முள்ளை இறக்குவதற்காக மூன்று மாதம் விழுங்கிய சோற்று உருண்டைகள், ஏற்கனவே நிறைந்த வயிற்றை மேலும் நிறைத்து, தளர்ந்த ஷட்டரைக் கீழிருந்து தள்ளித் திறந்திருக்கின்றன.

“ராத்திரி சாப்புட்டு எவ்வளவு நேரத்துல படுப்பீங்க?”

ஜெக்கரியா யோசிப்பதற்குள் பரீத் சொன்னார்: “ஒம்போதரைக்குச் சாப்பாடு, பத்து மணிக்குக் கொறட்டை. இஞ்சி டீ நாளைக்கு ஆறு. பெல்ட்ட இன்னொரு ஓட்ட இறுக்கித்தான் போடுவான், தொந்தி தெரியக் கூடாதாம்.”

தன்னைப் பற்றி இவ்வளவும் அவனுக்குத் தெரிந்திருக்கிறதே என்று ஜெக்கரியாவின் மனம் ஒரு கணம் இளகியது. அப்போது பரீதின் கைபேசி அடித்தது. “சொல்லு மச்சான்... கெடாவா? எத்தனை?” என்று பேசிக்கொண்டே பரீத் வெளியே போய்விட்டார். இளகியது மறுபடி இறுகியது.

செம்மொழி சொன்னதையெல்லாம் இங்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் நான் விடமாட்டேன். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே அரையடி உயரத்துக்குச் செங்கல். தலையணையை அடுக்கினால் கழுத்து மட்டும் மடங்கும், வயிறு நசுங்கும், உடம்பே சரிவாக இருக்க வேண்டும். மாத்திரை சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால். (வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாடு வரும்போதுதான் விழித்துக்கொள்ளும். அவை விழிக்கும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் தயாராக இருந்தால்தான் அவற்றைப் பிடித்து நிறுத்த முடியும். சாப்பிட்டபின் போட்டால் பஸ் போனபிறகு கை காட்டுவது மாதிரி.) கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். தொண்டை ஆற வாரங்கள் ஆகும், மாதங்கள்கூட ஆகலாம்; பொறுக்க வேண்டும். எடை குறைந்தாலோ, விழுங்கும்போது வலித்தாலோ உடனே திரும்பி வர வேண்டும்.

“கடைசியா ஒண்ணு பாய். செருமாதீங்க. செருமும்போது குரல் நாண் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு அறைஞ்சுக்குது. அதுல இன்னும் வீங்குது, வீங்கினதும் ஏதோ இருக்குற மாதிரி தோணுது, மறுபடி செருமுறீங்க. வருதுன்னு தோணினா ஒரு மடக்குத் தண்ணி.”

ஜெக்கரியா தயங்கிக் கேட்டார்: “மனசுல ஒரு எரிச்சல் இருந்தா... அதுனால அமிலம் ஏறுமா டாக்டர்?”*

* இந்தக் கேள்வியை நான் என் மருத்துவரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நான் படித்துத் தெரிந்துகொண்டது: மனப் புழுக்கம் அமிலத்தை அப்படியே பெருக்கிவிடாது. ஆனால் ஏறுகிற கொஞ்சத்தை நிறையவாக உணரவைக்கும். பொறாமையின் இயக்கமும் ஏறக்குறைய இதுதான்.

7.

செருமலை உடனே விட முடியவில்லை. நான்காம் நாள் பகல் பரீத் வீட்டுக்கு ஒரு கயிற்றுக்கண்டு கொடுக்கப் போனார். வாசலில் முறைப்படி கனைத்தார். உள்ளே யாரும் அசையவில்லை. அது கடையிலிருந்து வழக்கமாக வரும் செருமல் என்று நினைத்துவிட்டார்கள். பேச்சு நிற்காமல் ஓடியது.

தஹ்மீனா: “ஒங்க சஹன்ல யாரு யாருங்க?”

பரீத்: “ஃபாஜில் என் பக்கத்துல இருக்கட்டும். ஜெக்கரியாவுக்குத் தனித் தட்டு போட்டுரு.”

ஜெக்கரியா கயிற்றுக்கண்டை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

தனித் தட்டு. அந்த ஊரில் அதை யாருக்குப் போடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். எங்கிருந்தோ வந்த அலுவலகக்காரருக்கு. புகைப்படக்காரருக்கு. ஒட்டாதவருக்கு.

அடுத்த நாளிலிருந்து அவர் செருமவில்லை. மருத்துவர் சொன்னதற்காக என்று எழுத ஆசைதான். சுவருக்கு அப்பால் தன் சத்தம்கூடப் போகக் கூடாது என்பதற்காக. வந்தபோதெல்லாம் தண்ணீரைக் குடித்தார், பல்லைக் கடித்துக்கொண்டு. வீம்பினால் செய்தாலும் தொண்டைக்கு அது நல்லதுதான். தொண்டை காரணம் கேட்பதில்லை.

8.

அந்த முதல் நாள் காலை, கடை திறந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பரீத் செருப்புக்கூடப் போடாமல் வலைக்கடைக்குள் ஓடிவந்தார்.

“என்னடா! மூச்சு நின்னு மௌத்தாயிட்டியோன்னு ஓடியாறேன், நீ கல்லு மாதிரி ஒக்காந்திருக்கே!”

“செருமக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னது ஒனக்கும்தானே கேட்டுச்சு.”

“சொல்லிட்டு நிறுத்தணும்ல? காலையிலேருந்து சத்தத்தக் காணோம். தஹ்மீனா அடுப்ப அணைச்சுட்டு வந்து, போய்ப் பாருங்க போய்ப் பாருங்கங்குறா.”

“சத்தம் இல்லன்னா நிம்மதியா இருங்களேன். அதான் தனித் தட்டு போட்டாச்சே.”

பரீத் அவரையே பார்த்தார். பிறகு மிதவை மூட்டை மேல் உட்கார்ந்தார்.

“கேட்டுட்டியா?”

“கேட்டேன்.”

“ஆமா, தனித் தட்டுதான். நாந்தான் சொன்னேன். எங்கூட ஒக்காந்தா நீ கைய எடுப்பியா? எனக்காவ இன்னும் ரெண்டு வாயி, இன்னும் ரெண்டு வாயின்னு தின்னுக்கிட்டே இருப்ப. எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? முப்பது வருஷமா தெரியும். தனியா ஒக்காந்தா போதும்னதும் எந்திரிச்சுக்கலாம்ல.”

“அப்ப ஒன் பக்கத்துல?”

“எவனாவது ஒக்காருவான்.”

“எவனாவது இல்ல. ஃபாஜிலு.”

“ஆமா, ஃபாஜிலு. என் பொண்டாட்டி தம்பி. அவனத் தூக்கிக் கடல்ல போடவா?”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“சொல்லல. மனசுக்குள்ள தெனம் நாலு தடவ போட்டுக்கிட்டு இருக்க.”

ஜெக்கரியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. தண்ணீர் குடித்தார். பரீத் எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார்:

“தனித் தட்டோ சஹனோ, நீயே முடிவு பண்ணிக்க. ஆனா சும்மா இருக்காத. அப்பப்ப நூல்கண்டையாவது கீழ போடு.”

9.

இத்தோடு முடித்திருக்கலாம். எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் விளக்கத்தைப் பற்றி விளக்கப் பிரியனான நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஷட்டர் ஏன் தளர்ந்தது என்று தெரிந்ததும் ஷட்டர் இறுகிவிடுவதில்லை. பரீத் சொன்னது முழுக்க நியாயம் என்று ஜெக்கரியாவுக்குத் தெரியும். அன்று மாலை ஃபாஜில் பாத்திரக் கடை வாசலில் பரீதின் தோளில் கைபோட்டு நின்றதைப் பார்த்தபோது, நியாயம் கீழேயே இருந்தது. புளிப்பு மட்டும் மேலே ஏறியது.

கல்யாணத்தன்று பகல். மண்டபத்தில் விரிப்பு போட்டாகிவிட்டது. முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: ஜெக்கரியா தனித் தட்டில் உட்கார்ந்து அளவாகச் சாப்பிட்டு அளவாக எழுகிறார். தொண்டை ஆறுகிறது. [மாத இதழுக்குப் பிடிக்கும். ஹலீமாவுக்கும் பிடிக்கும். ஜெக்கரியாவின் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.]

இரண்டாவது: சஹனில் உட்கார்கிறார். பரீதுக்காக இரண்டு வாய், இன்னும் இரண்டு வாய். கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்தும் அன்றைக்கு—

[வேண்டாம். ஆறிக்கொண்டு வருகிற தொண்டை.]

மூன்றாவது: சஹனில் உட்கார்கிறார். ஐந்தாவது வாயில் பரீத் முதலில் கையை எடுத்துவிடுகிறார், ஆனைப்பசியோடு. பரீத் எடுத்ததால் ஃபாஜிலும் எடுத்துவிடுகிறான். மூன்று பேரும் பசியோடு கைகழுவப் போகிறார்கள்.

மூன்றாவதை எழுதிவிட்டு மறுபடி படித்துப் பார்த்தேன். அதுதான் சரியான முடிவாக இருக்கக்கூடும். அதனால்தான் அடித்தேன். உண்மையைச் சொல்கிறேன்: இதற்கு மேலும் அந்த மனிதருக்கு ஏதாவது கொடுக்க எனக்கு மனமில்லை. அவருக்குப் பதினொரு தடவை பாட்டில் கிடைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். (அந்த இன்னொருவர் நண்பரா, வாடகைக் கார் ஓட்டிவந்தவரா என்றுகூட எனக்குத் தெரியாது. ஓட்டுநராக இருந்தால் என் பொறாமை இன்னும் கூடுகிறது.) இதை எழுதும்போது நான் எத்தனையோ தடவை செருமிவிட்டேன். என் சுவருக்கு அந்தப் பக்கம் காலி மனை.

எனவே முடிவை என் கையில் விடாதீர்கள். நான் எழுதினால் பரீதின் சஹனை நிரப்பிவிடுவேன். ஃபாஜிலை ஒரு பக்கம், யாராவது ஒருவரை மறுபக்கம். என்னை எனக்குத் தெரியும். நான் மண்டபத்து வாசலோடு நின்றுகொள்கிறேன். நீங்கள் உள்ளே போங்கள்.

இடது ஓரமாகச் சின்ன மேசையில் தனித் தட்டு இருக்கிறது, மேலே ஒரு வலைமூடி. மண்டபத்தின் நடுவே பரீதின் சஹன். பரீத் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வலப்பக்கம் ஃபாஜில். இடப்பக்கம் நான் நிற்கும் இடத்திலிருந்து தெரியவில்லை. நடுவே பரிமாறுகிறவர்கள் போய்வருகிறார்கள். சஹனில் மூன்று இடம் உண்டு. முப்பது வருடமும் மூன்று இடம்தான் இருந்தது. ஃபாஜில் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டால் மீதி எத்தனை என்று, வாசலுக்குள் வந்து நிற்கும் ஜெக்கரியா இப்போதுதான், வாழ்க்கையில் முதல் தடவையாக, எண்ணிப்பார்க்கிறார்.

அவர் கையில் ஒரு பாட்டில். தொண்டையில் அந்த அரிப்பு வந்துவிட்டது. ஒரு மடக்குக் குடித்தால் அடங்கிவிடும். மருத்துவரும் நானும் அதைத்தான் சொல்வோம். செருமினால், மண்டபத்தில் இருநூறு பேர் பேசினாலும், ஒருவர் திரும்பிப் பார்ப்பார்.

மூடியைத் திறந்துவிட்டார். இடப்பக்கத்தில் யார் என்று உங்களுக்குத் தெரிகிறதா?